தகரம் சுடவில்லை

கீழ் வீட்டில் சத்தம் என்று ஏதாவது கேட்டால் அது கூண்டில் வளரும் அந்த இரண்டு கினிபிக்குகளின் சத்தமாகத்தான் இருக்கும். மனிதர்கள் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களிடமிருந்து ஒன்றும் வராது. டிவி ஓடும், அதில் ஆட்களின் வாய் மட்டும் அசையும். யாரோ எப்போதோ சத்தத்தைக் குறைத்து வைத்தது, அப்படியே கிடந்தது. குக்கர் விசில் அடித்தால்கூட ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி உடனே அடுப்பு அணைந்துவிடும்.

நான் மாடியில் குடியிருப்பவன். பஸ் ஓட்டுகிறேன். ஒரு நாள் வண்டி, ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் பின் ஜன்னலில் உட்கார்ந்தால் கீழ் வீட்டுக் கொல்லைப்புறம் முழுவதும் தெரியும். துணி துவைக்கும் கல், சிமெண்ட் தரை, அதைத் தாண்டி ஒரு பாய் அகலத்துக்குப் புல், சுற்றுச்சுவர், சுவரில் ஒரு சின்னக் கேட். கேட்டுக்கு அப்பால் காலிமனை. அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கிற ஆள் நான். மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

கீழ் வீட்டுக்காரர் வெல்டர். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். தெருவில் கிரில்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் மனைவி பட்டாணியும் கேரட்டும் உறைய வைத்துப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தக் குளிர் அறைதான். அவள் ஐஸ் அக்கா. மகள் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள், இன்னும் பாப்பாதான்.

இந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பற்றி நான் அடிக்கடி சொல்லிச் சிரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் சமையலறையில் பாத்திரம் பிடிக்கிற துணி கிடையாது. இடுக்கியும் கிடையாது. கொதிக்கிற பாலை அவர் வெறுங்கையால் இறக்கி வைப்பார். இருபது வருஷம் தீப்பொறியில் வெந்த கை, தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. அவளும் அப்படித்தான் இறக்குவாள், ஆனால் அவள் கதை வேறு. ஐஸில் மரத்துப்போன விரல்கள். ஊசி குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். பாப்பா மட்டும் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து இறக்குவாள். "உங்க வீட்டுல மனுசக் கை இவளுக்கு மட்டும்தான்யா இருக்கு" என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பார்கள்.

அவர்களுக்கு ஒரு பையனும் இருந்தான். பாப்பாவுக்கு மூத்தவன். போன கோடையில் சிநேகிதர்களோடு பழைய கல்குவாரித் தண்ணீருக்குக் குளிக்கக் கிளம்பினான். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போயிட்டு வரட்டா?" என்று கேட்டான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "போயிட்டு வா" என்றாள். சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சைக்கிளை மறுநாள் வேறு யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

அவள் அழவில்லை. தெருவே அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதது, அவள் வந்தவர்களுக்கு டீ போட்டாள். அப்புறம் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். ஆனால் போயிட்டு வா என்கிற அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள். காலையில் கிரில்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு "வரேன்" என்பார். அவள் "ம்" என்பாள். அவ்வளவுதான். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம், வீடு, இரண்டும்தான் உலகம். அப்பா கொண்டுபோய் விடுவார், அப்பாவே கூட்டி வருவார். லீவு விட்டுவிட்டால் கொல்லைக் கதவுகூடத் திறக்காது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் தெரியும். அதுவும் அப்பா செய்த கம்பிதான், நல்ல கெட்டியான வேலை.

கினிபிக்குகள் பையன் வளர்த்தவை. பெயரில்தான் பன்றி. பார்த்தால் வாலில்லாத பெரிய எலி, சுபாவத்தில் முயலைவிடப் பயந்தாங்கொள்ளி. நெற்றியில் வெள்ளை இருந்தது பொட்டு, மற்றது குண்டு. அவன் இருந்தபோது தினமும் சாயங்காலம் காலிமனையில் புல் பிடுங்கிக்கொண்டு கொல்லைக் கேட் வழியாக வருவான். கேட்டின் கொக்கி கிளிக்கென்று விழுந்ததும் உள்ளே இரண்டும் "வீக் வீக்" என்று கத்தும். அப்புறம் துணிக்கூடையைக் கவிழ்த்து அதற்குள் இரண்டையும் புல்லில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொள்வான். அவன் போன பிறகு கொக்கி விழுவதே இல்லை. ஆனாலும் வெயில் தாழ்ந்தால் அவை கத்தும். கத்திப் பார்த்துவிட்டு அடங்கும்.

ஒரு ஓய்வு நாளில் கரண்ட் பில் விஷயமாகக் கீழே போனேன். அம்மாவும் மகளும் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கேரட் துண்டுகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பொட்டுக்கு முடி கொட்டுது பாரு."

"வயசாவுது."

"ரெண்டு வயசுதாம்மா ஆவுது. அதுக்குள்ள என்ன வயசு? மூலையிலயே உக்காந்திருக்கு. கேரட்டக்கூடத் தொடல."

"பசிச்சாத் திங்கும்."

"வெளிய விடணும்மா. புல்லு திங்கணும், ஓடணும். அண்ணன் தெனம் விடுவான்ல?"

அந்த வீட்டில் அண்ணன் என்ற சொல் விழுந்தால் ஏதோ பாத்திரம் கீழே விழுந்த மாதிரி. அம்மா கேரட்டைப் போட்டு முடித்தாள்.

"பூனை இருக்கு" என்றாள்.

"நாம பாத்துக்கலாம்."

"மேல பருந்து சுத்துது. பாம்பு இருக்கும். பக்கத்து மனையில என்னமோ மருந்து அடிச்சாங்க."

"அப்போ சாவுற வரைக்கும் கூண்டுக்குள்ளயேவா?"

"உசுரோட இருக்குல்ல?"

"இருந்தாப் போதுமா?"

"போதும்."

பாப்பா என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களே சொல்லுங்க."

"என்னை ஏம்மா இழுக்கற? நான் பஸ் ஓட்டுறவன். பிரேக்கும் வேணும்பேன், ஆக்சிலேட்டரும் வேணும்பேன்."

"சிரிக்காதீங்க மாமா. இது அப்படியே வத்திப்போயிடும்."

அவள் பொட்டைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பெண்ணின் கழுத்தெலும்பும் அப்படித்தான் துருத்திக்கொண்டிருந்தது. பில்லைக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

கிரில்காரர் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறார். என் அடுத்த ஓய்வு நாளில் கொல்லையில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. இரும்புச் சட்டங்களைக் கிடத்தி, மூலை மட்டம் வைத்து, முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் பொறி விழுந்த ஓட்டைகள். வைத்த இடத்தைச் சுத்தியால் தட்டிக் கசடை உதிர்த்தார், தடவிப் பார்த்தார். வேறு யாராவது அந்த இடத்தைத் தடவினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

"என்ன தம்பி, யானை எதாச்சும் வாங்கப் போறியா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"கினிபிக்குக்குண்ணே." முகமூடியைத் தூக்கினார். "பாப்பா கேக்குது. இவ வேணாங்குறா. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சது இதான்."

"இவ்ளோ கெட்டியாவா?"

"செய்யறதச் சரியாச் செய்யணும்ல. பக்கமெல்லாம் சன்ன வலை, பூனை நகம்கூடப் போவாது. அடியிலயும் வலை, பெருச்சாளி தோண்ட முடியாது. புல்லு வலைக்கு மேல வந்துடும், தின்னுக்கும். மேல முழுத் தகரம். பருந்து என்ன, பறக்குற பிளேன் விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"பூட்டு வேறயா?"

"பூட்டு இல்லாம எதுக்குண்ணே கேட்டு?"

அம்மா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கூண்டுக்கு வந்தாள். வலையைப் பிடித்து உலுக்கினாள். கூரையைத் தட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்றாள். சரி என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள். ஜன்னலுக்குப் பின்னால் பாப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள் என்று கிரில்காரர் பிறகு சொன்னார்.

அவர்கள் வெளியே விட்ட நாளில் நான் வண்டியில் இருந்தேன். அதனால் மூன்று பேரும் அப்புறம் எனக்குத் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அன்று வார லீவு. காலையில் சுவர் நிழல் புல்லின் மேல் விழுந்திருந்தது. பொட்டும் குண்டும் முதலில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்புறம் குண்டு ஒரு புல்லை இழுத்தது. அப்புறம் பொட்டு. அதற்கப்புறம் பொட்டு தரையிலிருந்து நாலு காலும் எழும்ப ஒரு துள்ளு துள்ளி, காற்றிலேயே உடம்பைத் திருப்பிக்கொண்டு விழுந்தது. சந்தோஷம் வந்தால் அவை அப்படிக் குதிக்குமாம். பையன் இருந்தபோது தினம் குதிக்கும்.

பாப்பா ஜன்னலில் நின்று சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள் என்று கிரில்காரர் சொன்னார். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

அம்மா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் துடைப்பம். சுவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கேட்டின் அடிச் சந்தைப் பார்த்தாள். ஒரு பூனை சுவரில் வந்து எட்டிப் பார்த்தது, எழுந்து விரட்டினாள். காக்கா வந்தது, விரட்டினாள். கூண்டுக்குள் வைத்த தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"போதும், உள்ள எடுத்துடலாமா?" என்று கிரில்காரர் வந்து கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள் அவள்.

பையன் போனதிலிருந்து யாருக்காவது எதையாவது இன்னும் கொஞ்சம் என்று அவள் விட்டுக்கொடுத்தது அன்றுதான்.

நிழல் சுவரோடு ஒட்டிப் போய்விட்டது. வெயில் கூண்டின் மேல் ஏறியது. ஜன்னலிலிருந்து பாப்பா கேட்டாள்.

"அம்மா, தகரம் சுடுதா பாரு."

அம்மா உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தாள். வைத்து, நிதானமாக இரண்டு மூச்சு இருந்து பார்த்தாள்.

"சுடலடி."

கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பா மறுபடியும் கேட்டாள். "அப்பா, நீ பாருப்பா."

கிரில்காரர் வந்து கையை வைத்தார். அழுத்தித் தேய்த்தும் பார்த்தார். "ஒண்ணும் சுடல பாப்பா. லேசா வெதுவெதுன்னு இருக்கு, அவ்ளோதான்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"அம்மா, பொட்டு படுத்தே இருக்கு."

"தூங்குது."

"வாயில எச்சி வழியுதும்மா!"

அதற்குமேல் அந்தப் பெண் யாரையும் கேட்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள். சிமெண்ட் தரையில் கால் சுட்டுத் துள்ளினாள். கூண்டைப் பிடித்துக் குனியத் தகரத்தில் கை வைத்தவள் "ஸ்ஸ்ஆ" என்று வெடுக்கென எடுத்துக்கொண்டாள்.

"சுடுதும்மா! அடுப்பு மாதிரி சுடுது!"

"இல்லடி..." என்று அம்மா தகரத்தில் கையை வைத்தாள். கிரில்காரரும் வைத்தார். இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் அந்தத் தகரத்தின் மேல் இருந்தன. எடுக்கவேண்டும் என்றே அவற்றுக்குத் தோன்றவில்லை.

"தொறப்பா! பூட்டத் தொறப்பா!"

சாவி உள்ளே கழற்றிப் போட்ட சட்டைப் பையில் இருந்தது. எந்தச் சட்டை என்று தேடி எடுத்து வருவதற்குள் பொட்டின் கால்கள் நீட்டிக்கொண்டுவிட்டன. குண்டுவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி, வண்டியில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். டாக்டர் ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைப் பார்த்தார்.

"இதுங்களுக்கு வேர்க்காதுங்க, சூடு தாங்காது. தகரம் போட்ட கூண்டா? கை வச்சுப் பாத்தா தெரிஞ்சிருக்குமே."

"பாத்தோம் சார்" என்றார் கிரில்காரர்.

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாத்தோம் சார்" என்று மறுபடியும் சொன்னாராம். என்னிடம் சொல்லும்போதும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையால் இன்னொரு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டுவைத் தெருமுனை வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். மறுநாள் கிரில்காரர் கட்டிங் மெஷினை எடுத்து அந்தத் தகரத்தை அறுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு வேலைக்குப் போனார். அம்மா ஷிப்டுக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். இப்போதும் அழவில்லை. கொல்லைக் கதவு மூடிக்கொண்டது. குண்டு வீட்டுக்குள் பழைய கூண்டின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தது. வெயில் தாழ்ந்தால் ஒரு குரலில் கத்தியது. இரண்டு குரல் கேட்டுப் பழகிய காதுக்கு அது சகிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், அப்போதும் கேட்டது.

ஆனால் ஒரு மாற்றம் வந்தது. அவள் மகளைக் கேட்க ஆரம்பித்தாள். குளிக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தொட்டுப் பாரு, சுடுதா?" என்பாள். டீயை ஆற்றிவிட்டு, "இது சரியா இருக்கா?" என்பாள். புருஷன் தட்டில் சோறு போட்டுவிட்டும் மகளைக் கூப்பிடுவாள். பாப்பா விரல் நுனியை வைத்துப் பார்த்துச் சொல்வாள். "சுடுது." "பரவால்ல." "ஆறிப்போச்சு." அம்மா தலையாட்டிக்கொள்வாள். அந்த வீட்டில் புதிதாக இரண்டு வார்த்தை பேச்சு வந்தது என்றால் அது இதுதான். ஒருநாள் அடுப்பின் பக்கத்தில் மடித்த துணி ஒன்று தொங்குவதையும் பார்த்தேன்.

ஒரு ஓய்வு நாள் சாயங்காலம். வெயில் போய், கொல்லை முழுதும் நிழல். குண்டு உள்ளே கத்த ஆரம்பித்திருந்தது. கொல்லைக் கதவு திறந்தது. அம்மா வந்தாள். கையில் பழைய துணிக்கூடை. புல்லில் வந்து நின்றாள். குனிந்து தரையில் கையை வைத்தாள், எடுத்தாள், கையைப் பார்த்தாள். மறுபடியும் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா" என்று கூப்பிட்டாள். "இங்க வா. செருப்புப் போடாம வா."

பாப்பா வாசற்படியிலேயே நின்றாள். "வெளியவா?"

"வா."

வந்தாள்.

"நின்னு பாரு. சுடுதா?"

"இல்லம்மா. சில்லுன்னு இருக்கு."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் சில்லுன்னுதான் இருக்கு."

"கூடையைத் தொட்டுப் பாரு."

"சுடலம்மா. நிஜமாவே சுடல."

அம்மா உள்ளே போய்க் குண்டுவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து புல்லில் விட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். பாப்பா தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் யாரும் சொல்லாமலே கூடையின் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள், அவன் படுத்த மாதிரியே. அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூனையைத் தேடுகிற மாதிரி சுவரைப் பார்த்தாள். சுவரில் பூனை இல்லை.

குண்டு மோந்து பார்த்துச் சுற்றி வந்தது. கோடையில் அந்தப் புல் பாதி காய்ந்துவிட்டது. பச்சை இருந்தது காலிமனையில்தான், கேட்டுக்கு வெளியே.

"அம்மா, இங்க புல்லே நல்லால்ல. அங்க நெறைய இருக்கு."

அம்மா கேட்டைப் பார்த்தாள்.

"மருந்து அடிச்சது அந்தக் கோடியிலம்மா. நான் இந்தச் சுவரோரமாத்தான் பிடுங்குவேன். இங்கேருந்து பாத்தாலே தெரியும்."

அம்மா கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாப்பா எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினாள்.

"போயிட்டு வரட்டாம்மா?"

நான் மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா காத்திருந்தாள். அவ்வளவு நேரம் ஒரு பதிலுக்காகக் காத்திருந்த குழந்தையை நான் பார்த்ததில்லை.

"செருப்பைப் போட்டுக்க" என்றாள் அம்மா.

பாப்பா ஓடிப்போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"போயிட்டு வா."

சத்தம் சரியாக வரவில்லை. ஆனால் மாடிக்கே கேட்டது.

கொக்கி கிளிக்கென்று எடுபட்டது, கேட் சாத்திக்கொண்டது. அம்மா அந்தக் கேட்டைப் பார்த்தபடி இருந்தாள். மேலேயிருந்து எனக்குப் பாப்பா தெரிந்தாள். சுவரோரமாகக் குனிந்து குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். "இதோ இருக்கும்மா, தெரியுது" என்று கத்திச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது நான் நுழைகிற இடமில்லை. அம்மா கூடையின் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கொக்கி விழுந்தது.

கூடைக்குள் குண்டு "வீக் வீக்" என்று கத்தியது. அந்தக் கொக்கிச் சத்தத்துக்கு அது அப்படிக் கத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மார்பு நிறையப் புல்லை அணைத்துக்கொண்டு பாப்பா வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்து, தலையிலும் புல்.

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலிலிருந்து தலைவரை மறுபடியும் பார்த்தாள்.

"இவ்ளோ எதுக்குடி? இருக்கறதே ஒண்ணுதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக வராதது வாயைத் திறந்துகொண்டு வந்தது. பாப்பா புல்லைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் கன்னத்தில் கையை வைத்தாள்.

"அம்மா, கொதிக்குதும்மா ஒனக்கு" என்றாள்.